காவல் துண்டு

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். எனக்கு ஏறும். நான் கத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் ஓய்ந்துபோவேன். எதற்குக் கத்தினேன் என்பதே மறுநாள் மறந்திருக்கும். அண்ணி அப்படியில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினார். எடுக்கச் சொன்னதற்கு எகிறிப் பேசினார். அண்ணி பதிலே சொல்லவில்லை. நாலு வருடம் கழித்து, மூக்குக்கண்ணாடி உடைந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் கதவைத் தட்டினார். "வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று மட்டும் அண்ணி கேட்டாள். மனிதர் வெலவெலத்துப் போனார். கண்ணாடியைச் சரிசெய்து கொடுக்கத்தான் செய்தாள், அவர் வண்டியை எடுத்த பிறகு.

அண்ணிக்கு வேலை கண்ணாடிக் கடையில். ஃபிரேம் மாட்டிப் பார்த்துக் கண்ணாடி முன்னால் சிரிக்கிறவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுழலும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைக்கிறவள் அவள். அரை மில்லிமீட்டர் கூடினால் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் குட்டிப் பூதக்கண்ணாடி ஒன்று அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் அரிசி களையும்போதும் அதைக் கழற்ற மாட்டாள்.

நான் அவள் நாத்தனார். மேல்மாடியில் குடியிருக்கிறேன். கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிற வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஊர் எதிர்பார்ப்பு. எங்களுக்குக் குத்துவதற்கு வெளியிலேயே ஆள் நிறைய இருந்தார்கள்.

அண்ணிக்கு இருந்த ஒரே ஆடம்பரம் கூடத்தில் இருந்த நாலடி நீள உப்புநீர்த் தொட்டி. அதில் பவளம் வளர்த்தாள். பவளம் என்றால் மாலையில் கோக்கிற சிவப்பு மணி என்று நினைத்திருந்தவள் நான். அது பிராணியாம். கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆனால் தின்னும், வளரும், சண்டை போடும், சாகும். தொட்டியின் நடுவில் ஒன்று இருந்தது. பெருவிரல் நகம் அளவில் வந்தது, பதினோரு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தது. ஆரஞ்சு நிறம், ஓரத்தில் மட்டும் பச்சைக் கரை. வெளிச்சம் கூடினால் வெளுக்கும், தண்ணீர் கொஞ்சம் மாறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தது நான்தான்.

புதிதாக எந்தத் துண்டு வந்தாலும் அண்ணி அதை நேராகத் தொட்டியில் போட்டது கிடையாது. முதலில் குளியல். பவளக்காரர்கள் இதை 'டிப்' என்பார்கள். மருந்து கலந்த உப்புத் தண்ணீரில் துண்டை முக்கிவைத்து, ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் பூச்சிகளை உதிர்ப்பது. அதன்பிறகும் அது ஒன்றரை மாதம் தனி வாளியில் இருக்கவேண்டும். "கல்யாணம் பண்ணி வந்த மருமகளைக்கூட இப்படிச் சோதிக்க மாட்டாங்க" என்று அண்ணன் சொல்வான். அண்ணி காதில் வாங்கமாட்டாள்.

அவளுக்கு ஒரு சங்கம் இருந்தது. பதினாறு பேர். பல் மருத்துவர் ஒருவர், பள்ளி வேன் ஓட்டுபவர் ஒருவர், துணி வெளுக்கும் கடை வைத்திருந்த தம்பதி, இப்படி. மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடித் தொட்டியைச் சுற்றி நின்று பெருமூச்சு விடுவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உன்னிடம் நல்ல பவளம் இருந்தால் ஒரு துண்டு வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்து வைக்கவேண்டும். அதன் பெயர் காவல் துண்டு. நாளைக்கு உன் தொட்டி அழிந்துபோனால், போய்க் கேட்கலாம். வாங்கியவர் தன்னிடம் வளர்ந்ததிலிருந்து ஒரு துண்டு வெட்டித் திருப்பித் தரவேண்டும். கேட்டு யாரும் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. அண்ணி சீமாட்டியின் காவல் துண்டைச் சங்கத் தலைவரிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

தலைவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி நடத்துபவர். நாள் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்குகிறோம் என்ற நினைப்பு அவருக்கு உடம்பெல்லாம் ஊறியிருந்தது. அவர் பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும், அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிக்க வேண்டும். பெரிய தொட்டி, பெரிய வீடு, பெரிய வாய்.

போன வருடம் எங்கள் வீட்டில் சங்கம் கூடியபோது அவர் ஊதா நிறத்தில் ஒரு துண்டு கொண்டுவந்தார். அண்ணிக்கு அன்பளிப்பாம். அண்ணி வழக்கப்படி மேசையில் இரண்டு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தாள். தலைவர் அதைப் பார்த்தார்.

"என்னம்மா, என் பீஸையே சோதிக்கப் போறீங்களா? நேத்தே குளிப்பாட்டியாச்சு. நேரா போடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி டப்பாக்களைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். பதினாறு பேர் முன்னால் ஒரு பெரிய மனிதரின் வார்த்தையைச் சந்தேகப்படுவது எப்படி? டப்பாக்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். பதினோரு வருடத்தில் குளிப்பாட்டாமல் அவள் தொட்டியில் இறக்கியது அந்த ஒரு துண்டுதான்.

ஆறாவது வாரம் சீமாட்டியின் அடிப்பக்கம் வெளுத்தது. அண்ணி பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தொட்டிக் கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்தாள். எள் அளவில் வெள்ளைப் பூச்சிகள். ஓடில்லாத நத்தை வகையாம். இந்தப் பவள இனத்தைத் தவிர வேறெதையும் தின்னாதாம். ஊதாத் துண்டை வெளியே எடுத்துத் திருப்பினாள். துண்டு ஒட்டியிருந்த சிறிய சிமெண்ட் கட்டையின் அடியில் முட்டைகள், கொத்துக் கொத்தாக. குளியல் பூச்சியைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கட்டையையே வெட்டி எறிந்துவிடுவார்கள். தலைவர் கட்டையை வெட்டவும் இல்லை, குளிப்பாட்டவும் இல்லை.

மற்ற துண்டுகளையெல்லாம் வாராவாரம் எடுத்துக் குளிப்பாட்டினாள். சீமாட்டியைத்தான் எடுக்கமுடியவில்லை. பதினோரு வருடத்தில் அது பாறையோடு பாறையாக ஒட்டி வளர்ந்திருந்தது. வெட்டலாம் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டு உளியை எடுத்தபோது வெட்டுவதற்கு உயிருள்ள இடமே மிச்சமில்லை. மூன்றாம் மாதம் அது வெறும் வெள்ளை எலும்பு. அதற்கடுத்த வாரம் அதன்மேல் பாசி பிடித்தது. நான் சமையலறையில் போய் அழுதேன். அண்ணி அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கூட்டம் பல் மருத்துவர் வீட்டில். நானும் கூடப் போனேன். அண்ணி எழுந்து நின்று, நடந்ததைச் சொல்லி, தன் காவல் துண்டைக் கேட்டாள்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "பூச்சி என் பீஸ்ல இருந்து வந்துச்சுன்னு சொல்றீங்க. என் தொட்டில ஒரே ஒரு பூச்சியக் காட்டுங்க பார்ப்போம்!"

"அதுல முட்டை இருந்துச்சு தலைவரே. நான் பார்த்தேன்."

"ஏம்மா, ஒழுங்கா குளிப்பாட்டத் தெரியாம உள்ள போட்டுட்டு, பழிய என் தலையில போடறீங்களே! காவல் துண்டு குடுக்க எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா உங்க கையில குடுத்தா அதுவும் போயிடும். கொலைக்கு நான் துணை போகமுடியாது."

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் போதுமான பேர். அன்று மாலையே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணியின் தொட்டிப் படத்துக்குக் கீழே யாரோ ஒரு பூமாலைப் படத்தைப் போட்டார்கள். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதியிருந்தது. தலைவர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்.

கூட்டத்தில் அந்தச் சிரிப்புக்கு அண்ணி சொன்னது ஒன்றுதான்.

"சரி தலைவரே."

அவள் குரல் தரைக்கு இறங்கியிருந்தது. அந்த ஆள் தீர்ந்தார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மறுநாள் அவள் குளியலறைப் பரணில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்தாள். குட்டிக் காற்றுக் குழாய், குட்டி விளக்கு, உப்புநீர். உள்ளே ஊதாத் துண்டின் கட்டையும் பத்துப் பன்னிரண்டு பூச்சியும்.

"இது எதுக்கு அண்ணி?"

"வளர்க்கிறேன்."

"எதுக்கு?"

"அவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில்தான், பொய் சொல்லமாட்டேன். அண்ணியின் திட்டம் இது: தலைவரின் வீட்டில் பெரிய கண்காட்சி வரப்போகிறது. இன்னொரு ஊர்ச் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். அந்த நாளில் அழகான துண்டு ஒன்றை, அடியில் முட்டையோடு, அன்பளிப்பாகக் கொண்டுபோவது. விருந்தாளிகள் முன்னால் பதிலுக்குக் காவல் துண்டைக் கேட்பது. அத்தனை பேர் பார்க்கத் தருமப்பிரபு வேடம் போடாமல் அவரால் இருக்கமுடியாது. கொடுப்பார். நாம் கொடுத்ததைத் தன் பழக்கப்படி குளிப்பாட்டாமல் நேராகத் தொட்டியில் இறக்குவார்.

ஒன்பது வாரம் அந்தப் பூச்சிகளுக்குத் தீனி போட்டோம். அதற்காகவே அதே இனத்தில் மலிவான பவளத் துண்டுகளை வாங்கிவந்தேன். என் வீட்டுப் பூனைக்குக்கூட நான் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டதில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்முன் பரணுக்கு ஏணி போட்டு, "எப்படி இருக்கீங்கடா?" என்று குசலம் விசாரிப்பேன். அண்ணன் மட்டும் இரண்டு தரம் சொன்னான்: "அவர் தொட்டில உன் சீமாட்டியோட துண்டும் இருக்கே. பூச்சிக்கு அது தெரியுமா?" அதற்குப் பிறகு அண்ணி சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிடுவதை நான் பார்த்தேன். உலகத்தில் சீமாட்டியில் மிச்சமிருந்தது அவரிடம் இருந்தது மட்டும்தான்.

கண்காட்சி அன்று அவள் பையில் இரண்டு மூட்டை. ஒன்றில் அன்பளிப்புத் துண்டோடு ஜாடி, துணியில் சுற்றி. இன்னொன்றில் வெள்ளை டப்பாக்கள், மருந்து பாட்டில், ஊசியில்லாத சிரிஞ்சு, கையுறை, கடையில் லென்ஸ் தேய்க்கும்போது போடும் காப்புக் கண்ணாடி.

"இதெல்லாம் எதுக்கு?"

"எனக்குக் குளிப்பாட்டத் தெரியாதுன்னாரில்ல. அவர் குடுக்கிறத அவர் கண்ணு முன்னாலயே குளிப்பாட்டப் போறேன்."

தலைவர் வீட்டில் ஓர் அறை முழுக்கத் தொட்டி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை, அறை முழுக்க ஆழ்ந்த நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பவளங்கள் தணல் மாதிரி மின்னின. விருந்தாளிகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தொட்டியின் இடது மூலையில் சீமாட்டியின் துண்டு உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆரஞ்சு, பச்சைக் கரை.

அண்ணி பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். ஆரஞ்சு நிற லென்ஸ், அவளே தேய்த்து உட்காரவைத்தது. நீல வெளிச்சத்தின் பகட்டைக் கழித்துவிட்டு இருப்பதை இருப்பதாகக் காட்டும். அதோடு அவள் தொட்டியின் பக்கவாட்டில் குனிந்து, சீமாட்டியின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து என்னைத் தேடி வந்து, டப்பா மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு பையை என்னிடம் கொடுத்துக் காதருகே சொன்னாள்.

"ஜாடிய வெளிய எடுக்காத."

"ஏன்?"

"தேவையில்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்பது வாரம் ஏணி ஏறியவள் நான்! ஆனால் அவள் ஏற்கெனவே தலைவர் முன்னால் போய் நின்றிருந்தாள்.

"தலைவரே, நீங்க பெரிய மனசு பண்ணணும். என் காவல் துண்டு."

விருந்தாளிகளில் ஒரு நரைத்த அம்மாள், அவர்கள் சங்கத் தலைவி, "ஓ, உங்ககிட்டயும் அந்த வழக்கம் உண்டா? ரொம்ப நல்ல வழக்கம்" என்றாள். தலைவர் சுற்றிலும் பார்த்தார். முகத்தில் தருமம் பூத்தது.

"குடுக்காம இருப்பேனா? இந்தத் தடவையாவது ஒழுங்கா குளிப்பாட்டுங்கம்மா" என்றார். இடுக்கியால் ஒரு துண்டை முறித்தார், இரண்டு விரல் அகலம்.

"இங்கயே குளிப்பாட்டிக் காட்டுறேன். சரியா செய்யறேனான்னு நீங்களே பாருங்க."

அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. மேசையைக் காலி செய்யச் சொன்னார். இருபத்து நாலு பேரும் சுற்றி நின்றார்கள். அண்ணி கையுறை மாட்டினாள், காப்புக் கண்ணாடி போட்டாள். "இந்தத் தொட்டித் தண்ணியே வேணும். வேற தண்ணின்னா உப்பும் சூடும் மாறி பவளம் அதிர்ந்துபோகும்" என்றாள். தலைவரே மக்கில் மொண்டு கொடுத்தார். இரண்டு வெள்ளை டப்பாவிலும் நிரப்பினாள். ஒன்றில் மட்டும், பாட்டிலில் எழுதியிருந்த அளவைச் சத்தமாகப் படித்து, சிரிஞ்சால் அளந்து விட்டாள். துண்டின் இடுக்கில் கடுகளவு நண்டு ஒன்று ஒளிந்திருந்தது. அதைத் தட்டித் தொட்டியிலேயே விட்டாள். "மருந்து இதையும் கொன்னுடும். பாவம், இது ஒண்ணும் செய்யல." பிறகு துண்டை உள்ளே வைத்தாள். கைபேசியில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்தாள். ரப்பர் குமிழ் வைத்த குழாயால் தண்ணீரை உறிஞ்சி, துண்டின் அடிப்பக்கத்தில் திரும்பத் திரும்பப் பீச்சினாள்.

இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. தலைவர் கொட்டாவி விட்டார்.

மூன்றாவது நிமிடம் வெள்ளை டப்பாவின் வெள்ளை அடியில் ஏதோ நெளிந்தது. எனக்கே தெரியவில்லை. அண்ணி கழுத்துக் கயிற்றைக் கழற்றி, பூதக்கண்ணாடியைப் பல் மருத்துவர் கையில் கொடுத்தாள். அவர் குனிந்தார். நிமிரவில்லை.

"டாக்டர், என்ன?" என்றார் வேன்காரர்.

"பூச்சி" என்றார் அவர். "ஒண்ணு... ரெண்டு... ஏய், நிறைய இருக்கு."

பூதக்கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போனது. பத்தாவது நிமிடம் மணி அடித்தபோது பதினான்கு எண்ணியிருந்தார்கள். அண்ணி மணி அடித்த கையோடு துண்டை எடுத்து இரண்டாவது டப்பாவில் அலசினாள். ஒரு விநாடி கூடுதலாக வைக்கவில்லை. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நான் இன்றைக்கும் வேலைக்கு நடுவில் ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்வேன். பார்சல் எடை குறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் ஆள் சளைத்தவரில்லை. "இது நாடகம்! பூச்சிய இவங்கதான் கொண்டுவந்திருக்காங்க. அந்தப் பையில என்ன இருக்கு? திறந்து காட்டச் சொல்லுங்க!"

பை என் மடியில் இருந்தது. பைக்குள் ஜாடி இருந்தது. ஜாடிக்குள் நான் பேர் சொல்லி வளர்த்த முப்பது பூச்சி இருந்தது. திறந்தால் அவ்வளவுதான். பதினான்கு பூச்சியும் எங்கள் தலையில் விடியும். அண்ணி ஜென்மத்துக்கும் கொலைகாரிதான். நான் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். தலைவர் என்னை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

அண்ணி குரலை இறக்கினாள். "தலைவரே, பை எதுக்கு? என் தொட்டில ஒரு பூச்சியக் காட்டுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அந்த நீல லைட்ட அணைச்சிட்டு வெள்ளை லைட்டப் போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

"அதெல்லாம் முடியாது. பவளத்துக்கு ஆகாது."

"அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது சார்" என்றாள் நரைத்த அம்மாள். சொல்லிக்கொண்டே எட்டி, பக்கத்து ஜன்னலின் கறுப்புத் திரையை விலக்கிவிட்டாள்.

பகல் வெளிச்சம் தொட்டிக்குள் விழுந்தது. தணல் எல்லாம் அவிந்துபோனது. பாதிப் பவளங்களில் வெள்ளைத் திட்டு, அம்மைத் தழும்பு மாதிரி. அடிப்பக்கமெல்லாம் கடிபட்டு எலும்பு தெரிந்தது. அவர் தொட்டியில் பூச்சி தின்னும் மீன் ஒன்று இருந்ததால் இத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கிறது. மிச்சத்தை நீல வெளிச்சம் மறைத்திருக்கிறது. அந்த மீனைக் காரணமில்லாமல் யாரும் வாங்கி விடமாட்டார்கள்; எங்களுக்கு அந்த ஊதாத் துண்டைக் கொடுத்த அன்றைக்கே அவருக்கு இது தெரியும். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' போட்டதற்குக் கட்டைவிரல் காட்டியபோதும் தெரியும்.

அண்ணி பூச்சித் தண்ணீர் டப்பாவைத் தூக்கினாள். "இத எங்க ஊத்தட்டும்? தொட்டில மட்டும் ஊத்தக்கூடாது." யாரோ கழுவுதொட்டியைக் காட்டினார்கள். ஊற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வாசலில் திரும்பி நின்றாள். "தலைவரே, எல்லாத்தையும் எடுத்துக் குளிப்பாட்டுங்க. பாட்டில்ல போட்ட அளவத் தாண்டாதீங்க, பத்து நிமிஷத்தத் தாண்டாதீங்க. முதல்ல ஒரு துண்ட மட்டும் முக்கிப் பாருங்க. முட்டை சாகாது, அதனால வாரம் ஒரு தடவைன்னு ஆறு வாரம்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஜாடியில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாள். நான் தையாதக்கா என்று குதித்தேன். "இவ்ளோ நாள் வளர்த்தது இதுக்குத்தானா? ராத்திரியோட ராத்திரியா யார் மூலமாவது அவர் தொட்டில கவுத்திருக்கலாமே!"

"கவுத்திருந்தா, அவர் சொன்னது உண்மையாயிருக்கும்" என்றாள் அவள். "இப்ப அவர் பொய்யர். அது எனக்குப் போதும்."

எனக்குப் போதவில்லை. ஆனால் மிச்சத்தை அவரே செய்துகொண்டார். மானம் போன எரிச்சலில், அண்ணி சொன்னதை ஒரு பெண் சொன்ன கேலியாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரே நாளில் அத்தனை பவளத்தையும் பெயர்த்தெடுத்து, அளவு இரண்டு மடங்கு, நேரம் அரை மணி என்று முக்கி எடுத்திருக்கிறார். பூச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பவளமும் மிஞ்சவில்லை. வெந்த தோல் மாதிரி உரிந்து விழுந்தன என்று வெளுப்புக் கடைக்காரர் மனைவி வந்து சொன்னாள். நான் அவளுக்கு இரண்டாவது தரம் காபி போட்டுக் கொடுத்து இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சங்கம் பல் மருத்துவரைத் தலைவராக்கியது. பூமாலைப் படம் போட்டவர் அதை அழித்துவிட்டார். நான் அதற்கு முன்பே படம் பிடித்து வைத்திருந்தேன்.

சீமாட்டியின் இரண்டு விரல் துண்டை அண்ணி கட்டையில்லாமல் வெட்டிச் சுத்தம் செய்து, தனி வாளியில் வைத்து, ஆறு வாரம் ஆறு குளியல் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் அதே அளவு, அதே பத்து நிமிடம். நாலாவது வாரம் ஒரே ஒரு குஞ்சுப் பூச்சி விழுந்தது. ஐந்தாவது வாரம் ஒன்றுமில்லை. ஆறாவது வாரமும் ஒன்றுமில்லை. பிறகுதான் தொட்டியில் இறக்கினாள். எட்டு மாதத்தில் அது உள்ளங்கை அகலம் ஆனது. பச்சைக் கரை திரும்பி வந்த அன்று அண்ணி தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதாள், மொத்தமாக, முதல் தடவையாக.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். பழைய தலைவர். இளைத்திருந்தார். கையில் காலி டப்பா. எனக்குக் கதவை முகத்தில் அறையத்தான் கை வந்தது. அதற்குள் அண்ணி வந்துவிட்டாள்.

"தொட்டிய மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "மூணு மாசமா சும்மாதான் ஓடுது. யார்கிட்டயும் கேக்க... உங்ககிட்ட... அது ரொம்ப நாள் என்கிட்ட வளந்துச்சு இல்லையா. காவல் துண்டு மாதிரி. ஒரு சின்ன பீஸ்."

'கொலைக்குத் துணை போகமுடியாது' என்று சொல்லுங்கள் அண்ணி, சொல்லுங்கள் என்று மனசுக்குள் கூவினேன். ஒரு வருடமாக அந்த வாக்கியத்தை அவளுக்காக நாக்கு நுனியில் வைத்திருந்தவள் நான்.

அண்ணி உள்ளே போனாள். சீமாட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள். புதுக் கட்டையில் ஒட்டினாள். அந்தத் துண்டில் பூச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. அந்த வீட்டிலேயே அவ்வளவு சுத்தமான பொருள் வேறில்லை. அது எனக்குத் தெரியும். உப்புநீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இதுக்கு நான் என்ன..." என்று இழுத்தார் அவர். "வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்டணுமா?"

போன தடவை அவர் குளிப்பாட்டியதில் என்ன ஆனது என்பது மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது. அண்ணி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"நேத்தே குளிப்பாட்டியாச்சு. நேரா போடலாம்."

அவர் டப்பாவைப் பார்த்தார். "நிஜமாவா?" என்றார்.

"நீங்க சொன்னப்ப நான் அப்படிக் கேக்கலையே" என்றாள் அண்ணி. கதவை மெல்லச் சாத்தினாள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். அவர் வண்டியருகே நின்று டப்பாவை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் பார்த்தார். வெறும் கண்ணுக்கு அந்த முட்டை இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. பூதக்கண்ணாடி அண்ணி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.